தலைக்கு மேலே ஒரு பலகை

தேன்பெட்டி மூடியின் மூதாதை ஒரு வைக்கோல் தொப்பி. இங்கிலாந்தின் கிராமத்துத் தோட்டங்களில் பல நூற்றாண்டுகளாகத் தேனீக்கள் கவிழ்த்து வைத்த கூடையில்தான் குடியிருந்தன. வைக்கோலைப் புரியாகத் திரித்து, வட்டம் வட்டமாகச் சுற்றி, முட்கொடியைப் பிளந்தெடுத்த நாரால் தைத்த அந்தக் கூடைக்கு ‘ஸ்கெப்’ என்று பெயர். மழை இறங்காமலிருக்க அதன்மேல் இன்னொரு வைக்கோல் கட்டை உச்சியில் முடிந்து, கீழே விரித்துக் கவிழ்ப்பார்கள். அது ‘ஹாக்கிள்’. கூடையின் வெளிப்புறத்தைப் பசுஞ்சாணமும் சுண்ணாம்பும் குழைத்து மெழுகுவார்கள். சாணி மெழுகிய சுவரும் கூரை வேய்ந்த வீடும் தெரிந்த நமக்கு அந்தக் கட்டுமானத்தை விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கூரைக்கு ஒரு நல்ல குணமும் ஒரு பெரிய குறையும் இருந்தன. வைக்கோல் சூட்டைச் சுலபமாக விட்டுக்கொடுக்காது. உள்ளே எழும் ஈரத்தை மெல்ல வாங்கி மெல்ல வெளியே விடும். பனி கொட்டும் மாதங்களில் உள்ளே இருப்பவற்றின் தலையில் நீர் சொட்டாது. குறை என்னவென்றால், அதைத் திறக்க வழியே இல்லை. கூரையும் சுவரும் ஒரே பின்னல். தேன் வேண்டுமானால் கூட்டை அழிக்க வேண்டும். கோடை முடிந்ததும் கூடைகளைத் தூக்கிப் பார்த்து, மிகக் கனமானதையும் மிக லேசானதையும் தனியே எடுத்து வைப்பார்கள். கனமானதில் தேன் அதிகம். லேசானது எப்படியும் குளிர்காலத்தைத் தாண்டாது. குழி தோண்டிக் கந்தகம் கொளுத்தி அதன்மேல் கூடையை வைத்தால், சற்று நேரத்தில் இரைச்சல் அடங்கிவிடும். பிறகு அடைகளை அறுத்துக்கொள்ளலாம்.

குடித்தனத்தைக் கொல்லாமல் தேன் எடுக்க வேண்டுமென்றால் திறந்து மூடுகிற வீடு வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பலர் அதற்கு முயன்றார்கள். ஜெனீவாவில் பார்வை இழந்த பிரான்ஸ்வா ஹூபர் அதற்கு முன்பே, கீல் வைத்த சட்டங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கும் கூட்டைச் செய்திருந்தார். சைலீசியாவின் பாதிரியார் ஜெர்சோன் அடைகள் தொங்கும் குச்சிகளைப் பக்கவாட்டிலிருந்து எடுக்கும் பெட்டியைக் கட்டினார். இன்றும் ஸ்லோவேனியாவின் தேனீ வீடுகளில் பெட்டியைப் பின்பக்கக் கதவு வழியாகத்தான் திறக்கிறார்கள். அங்கே பெட்டிக்கென்று தனியாக மூடியே கிடையாது. மேலிருந்து திறக்கும் வழி அட்லாண்டிக்குக்கு அந்தப்பக்கம் பிறந்தது.

ஒட்டாத மூடி

லொரென்சோ லாங்ஸ்ட்ராத் 1810-இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். சபைப் போதகர், பள்ளி ஆசிரியர். மனச்சோர்வு நோய் வாழ்நாள் முழுவதும் விட்டு விட்டுப் படுத்தியது. அந்த நாட்களில் அவருக்குப் பிடிமானமாக இருந்தது தேனீத் தோட்டம். முதலில் அவரிடம் இருந்தவை மேற்குச்சிப் பெட்டிகள். பெட்டியின் வாயில் குச்சிகளை வரிசையாகக் கிடத்தியிருக்கும். தேனீக்கள் குச்சிக்கு ஓர் அடையாகத் தொங்கவிடும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பலகை மூடி.

தொல்லை அந்த மூடியில்தான் இருந்தது. ஐரோப்பியத் தேனீ மரமொட்டுகளிலிருந்து பிசினைச் சுரண்டிக் கொண்டுவரும். புரோபோலிஸ் என்கிற அந்தப் பிசினால், தன் உடம்பு நுழையாத எந்த இடுக்கையும் பூசி அடைத்துவிடும். மூடிக்கும் குச்சிகளுக்கும் நடுவில் இருந்த சந்தும் அப்படி அடைபட்டது. மூடியை நெம்பினால் குச்சிகள் சேர்ந்து எழும்பும், அடை கிழியும், தேன் ஒழுகும், கூட்டம் மொத்தமும் முகத்துக்கு வரும்.

1851-இல் லாங்ஸ்ட்ராத் குச்சிகள் உட்காரும் காடியை இன்னும் கொஞ்சம் ஆழமாகச் செதுக்கினார். குச்சிகள் இறங்கின. மூடிக்கும் அவற்றுக்கும் நடுவே அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு, அதாவது 9.5 மில்லிமீட்டர், இடைவெளி கிடைத்தது. அதைத் தேனீக்கள் பிசின் பூசி அடைக்கவில்லை, அடை கட்டி நிரப்பவும் இல்லை. நடைபாதையாக வைத்துக்கொண்டன. மூடி கையோடு வந்தது. அந்த அக்டோபர் 30-ஆம் தேதி மாலை, தோட்டத்திலிருந்து வீடு திரும்பும்போது அடுத்த எண்ணம் உதித்தது: மூடிக்கு அடியில் பலித்த இடைவெளியைச் சட்டத்தின் பக்கங்களுக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவிலும் விட்டால் என்ன? கழற்றி எடுக்கும் தொங்குசட்டம் அப்படித்தான் வந்தது. 1852 அக்டோபர் 5 அன்று 9300 என்ற எண்ணில் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. மறு ஆண்டு அவருடைய கையேடு நூலாக வெளிவந்தது.

காப்புரிமையால் அவருக்குப் பணம் சேரவில்லை. பார்த்தவரெல்லாம் செய்துகொண்டார்கள்; வழக்காடி மாளவில்லை. ஆனால் உலகத்தின் வணிகத் தேனீ வளர்ப்புக்கே அடித்தளமான பெட்டி, ஒரு மூடி ஒட்டிக்கொள்ளக் கூடாதே என்ற கவலையில் தொடங்கியது. பேரும் புகழும் சட்டத்துக்குப் போயிற்று. மூடியை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

அந்த வசதிக்கு ஒரு விலையும் இருந்தது. வைக்கோல் போய் முக்கால் அங்குலப் பலகை வந்தது. திறந்து மூட எளிதாக இருக்கட்டும் என்று கூரையை மெலிதாக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு மூடிக்கு நேர்ந்ததெல்லாம் பெரும்பாலும் அந்தக் கடனைத் திருப்பிக் கட்டிய கதைதான்.

ஜனவரியில் உள்ளே

கடனின் அளவு தெரிய, ஜனவரி மாதம் நியூயார்க் மாநிலத்திலோ ஒன்டாரியோவிலோ ஒரு பெட்டிக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும். அங்கே பல பூச்சிகள் குளிர்காலத்தை முட்டையாகவோ கூட்டுப்புழுவாகவோ முடங்கிக் கழித்துவிடும். தேனீக்கு அந்தத் தூக்கம் வாய்க்கவில்லை. வெப்பம் சுமார் 14 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கியதும் கூட்டம் நெருங்கித் திரளத் தொடங்குகிறது. அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த பிலிப்ஸும் டெமுத்தும் 1914-இல் வெளியிட்ட அளவீடுகளில் வருகிற எண் அது. திரளின் வெளிவரிசைத் தேனீக்கள் தலையை உட்புறம் வைத்து இறுக்கமாக ஒட்டி நிற்கும். உள்ளே இருப்பவை சிறகை அசைக்காமல், பறக்க உதவும் தசைகளை மட்டும் அதிரவிட்டுச் சூடு உண்டாக்கும். வெளிவரிசை 10 டிகிரியை ஒட்டி நிற்கும்போது, புழு வளர்க்கும் நடுப்பகுதி 34, 35 டிகிரியில் இருக்கும். குளிர் ஏறினால் திரள் சுருங்கும், தணிந்தால் தளரும்.

இந்த அடுப்புக்கு விறகு தேன். தேனின் எடையில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகத் தண்ணீர் இருக்கிறது; மீதி ஏறக்குறைய எல்லாம் சர்க்கரை. சர்க்கரை உடம்பில் எரிந்தால் கரியமில வாயுவும் நீரும் மிஞ்சும். வேதியியல் கணக்குப்படி ஒரு கிலோ தேன் முடியும்போது 650 முதல் 700 கிராம் வரை நீர் வெளிவருகிறது. வடக்கே பெட்டிக்கு 30 கிலோ தேனாவது விட்டுவைக்கச் சொல்வார்கள். அது முழுதும் செலவானால் 20 லிட்டர் நீர் அந்தச் சின்னப் பெட்டிக்குள் ஆவியாகி எழுந்திருக்கும்.

ஆவி சூடான காற்றோடு மேலே போகிறது. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 17 கிராம் நீராவியைத் தாங்கும். 0 டிகிரியில் 5 கிராம்கூடத் தாங்காது. மெல்லிய பலகை மூடியின் அடிப்புறம் ஏறக்குறைய வெளிக்குளிரிலேயே கிடக்கிறது. ஈரக்காற்று அதைத் தொட்டதும் ஆவி நீராகிறது. இட்லிப் பானையின் மூடியைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு இந்த விஷயம் தெரியும். இங்கே சொட்டுவது வெந்நீருக்குப் பதில் பனிநீர். குளிர் இன்னும் கடுமையானால் நீர் சொட்டாமல் உறைந்து, மூடியின் உட்புறம் வெள்ளையாகப் படியும். வெயிலடிக்கிற ஒரு நாளில் அது மொத்தமும் உருகும். நேர் கீழே திரள் இருக்கிறது.

வெளிவரிசையில் நிற்கும் தேனீக்கு 10 டிகிரி என்பது கடைசிப் படி. அதன் முதுகு மயிரில் ஒரு சொட்டு விழுந்தால், அந்த ஈரம் காய்கிறவரை உடம்பின் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று டிகிரி குறைந்தால் தசை விறைக்கும், காலின் பிடி நழுவும். அடிப்பலகையில் விழுந்தது பெரும்பாலும் திரும்பி ஏறாது. இப்படி உதிர உதிரத் திரள் சிறுக்கிறது. சிறுத்த திரளில் தலைக்கு விழும் வேலை கூடுகிறது. தேன் செலவும் அதற்கேற்ப ஏறுகிறது. காய்ந்த கூட்டம் எவ்வளவு குளிரையும் தாங்கும், நனைந்த கூட்டம் தாங்காது என்பது வடக்கத்தித் தேனீ வளர்ப்பவர்களிடம் பாலபாடம்.

பதரும் ஓட்டையும்

இந்த நீரை என்ன செய்வது? முதலில் கண்ட வழி, பெட்டிகளையே வீட்டுக்குள் கொண்டுபோவது. கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் நிலவறைகளில் பெட்டிகளை அடுக்கி, வசந்தத்தில் வெளியே எடுத்தார்கள். உறைநிலைக்குச் சில டிகிரி மேலே, ஏற்ற இறக்கம் இல்லாத குளிரும் இருட்டும் தேனீக்கு ஒத்துப்போயின.

வெளியிலேயே வைத்திருப்பவர்கள் பதரை நாடினார்கள். ஒஹாயோ மாநிலத்து மெடினாவில் 1869-இல் தேனீக் கருவித் தொழில் தொடங்கிய ஏ. ஐ. ரூட், இரட்டைச் சுவருக்கு நடுவே பதர் அடைத்த பெட்டிகளை விற்றார். சட்டங்களுக்கும் மூடிக்கும் நடுவில் பதர் திணித்த மெத்தை ஒன்று உட்காரும். வாசல் வழியாக வெளியேற்றிய வைக்கோல், கொல்லைப்புறம் சுற்றி உள்ளே வந்துவிட்டது.

அந்தக் காலத்தில்தான் மூடி இரண்டாகப் பிரிந்தது. வெளியே மழைக்கு ஒன்று. உள்ளே சட்டங்களுக்கு மேலே மெல்லிய உள்மூடி ஒன்று. அமெரிக்கப் பாணி உள்மூடி எதை எடுத்தாலும் நடுவில் ஒரு நீள்வட்ட ஓட்டை இருக்கும். காற்றுக்கென்று போட்டது என்றுதான் புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். அதன் பிறப்புக்கு வேறு காரணம் இருக்கிறது. இல்லினாய் மாநிலத்துப் போர்ட்டர் குடும்பம் 1891-இல், தேன் அறையிலிருந்து தேனீக்களைக் கீழே இறங்கவிட்டுத் திரும்பி ஏறவிடாத ஒரு சின்னத் தகரக் கருவியைக் கொண்டுவந்தது. அது பொருந்துகிற அளவில் பலகையில் ஓட்டை வெட்டினார்கள். கருவியை இன்று வைத்திருப்பவர் சிலரே. ஓட்டை மட்டும் தங்கி, பாகு ஊட்டவும் ஈரக்காற்றை மேலே விடவும் பயன்படுகிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காற்று பொதியின் பக்கம் வீசியது. பிலிப்ஸும் டெமுத்தும், நான்கு பெட்டிகளை ஒரே மரக்கூண்டில் வைத்துச் சுற்றிலும் கனமாகத் திணிக்கும் முறையைப் பரிந்துரைத்தார்கள். மரமும் கூலியும் கையைக் கடித்தன. பிறகு விஸ்கான்சினில் சி. எல். ஃபரார், பலமான கூட்டமும் போதிய தேனும் மகரந்தமும் இருந்தால் அவ்வளவு கனமான பொதி வேண்டாம், மேலே ஒரு சிறு வாசல் வைத்தால் போதும் என்று வாதித்தார். அதே மாநிலத்து மேடிசனில் சார்லஸ் ஓவன்ஸ் பெட்டிகளுக்குள் வெப்ப உணரிகளைப் பரப்பி அளந்தார். 1971-இல் வந்த அவருடைய அறிக்கையிலிருந்து எல்லாரும் எடுத்துக்கொண்ட செய்தி இது: தேனீ தன் திரளைத்தான் சூடாக்குகிறது, திரளைத் தாண்டிய காற்று வெளிக்குளிரை ஒட்டியே இருக்கிறது. வீட்டைச் சூடாக்காத குடித்தனத்துக்குச் சுவர் எதற்குக் கனமாக? ஓட்டை வை, ஈரம் போகட்டும். ஒரு தலைமுறைக்கு அதுவே வேதவாக்காக இருந்தது.

தச்சனின் கை

வடகிழக்கு அமெரிக்காவில் தேனீ வளர்க்கும் பலர் மூடியைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். பத்துச் சட்டம் கொள்ளும் லாங்ஸ்ட்ராத் பெட்டியின் வெளி அளவு 505 மில்லிமீட்டர் நீளம், 413 மில்லிமீட்டர் அகலம். அதன்மேல் இறங்கி உட்காரும் வெளிமூடிக்குச் சுற்றுச்சட்டம் பைன் மரத்தில், மேலே பிளைவுட், அதற்கும் மேலே ஜி.ஐ. தகடு.

சுற்றுச்சட்டத்தின் உள் அளவைப் பெட்டிக்குச் சரியாக வைத்தால் வேலை கெட்டது. மழையில் மரம் ஊதி மூடி இறுகிவிடும், பனியில் உறைந்து பிடித்துக்கொள்ளும். நான்கு பக்கமும் 6 முதல் 9 மில்லிமீட்டர் விட்டு, சட்டத்தை ஐந்து சென்டிமீட்டர் கீழே தொங்கவிட வேண்டும். அப்போதுதான் சாரல் உள்ளே ஏறாது, கையும் எளிதாகப் பிடிக்கும். தகட்டின் மூலைகளை வெட்டாமல் மடித்து அடக்குவது நல்ல கை. ஆணியைப் பக்கவாட்டில் மட்டும் அடிக்க வேண்டும்; மேல்பரப்பில் அடித்த ஒவ்வோர் ஆணியும் நாலைந்து மழைக்குப் பிறகு ஒழுகும் துளை. எல்லாம் முடிந்ததும் மேலே ஒரு கல். காற்றில் மூடி பறந்துபோன பெட்டி ஒரே ராத்திரியில் முடிந்துவிடும்.

மூடிக்கு அடியில் குளிர்காலத்துக்கென்று இன்னொரு தளம் சேர்ப்பவர்கள் உண்டு. பிரான்சின் பாதிரியார் எமில் வார்ரே தன் பெட்டியில் 100 மில்லிமீட்டர் உயர மெத்தைப் பெட்டி ஒன்றை நிரந்தரமாகவே வைத்திருந்தார். அடியில் துணி, உள்ளே வைக்கோலோ மரத்தூளோ. அமெரிக்க வடக்கில் அதே எண்ணம் வேறு உருவில் இருக்கிறது: ஆழமில்லாத சட்டம், அடியில் சாக்குத்துணியோ கம்பி வலையோ, உள்ளே இழைப்புளிச் சுருள், பக்கங்களில் வலை போட்ட சிறு துளைகள். ஈரக்காற்று சுருளுக்குள் மெல்ல ஊடுருவி ஏறும். நீர் அங்கே தங்கும். துளை வழியாக வரும் காற்று அதை உலர்த்தும். பிப்ரவரியில் கையை விட்டுப் பார்த்தால் மேற்பக்கச் சுருள் நமத்துப் போயிருக்கும், துணியை ஒட்டிய அடிச்சுருள் மொறுமொறுவென்று காய்ந்திருக்கும். வேலை ஒழுங்காக நடக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

அவ்வளவு மெனக்கெடாதவர்கள் சட்டங்கள்மேல் செய்தித்தாளை விரித்து உலர்ந்த சர்க்கரையைக் கொட்டிவைப்பார்கள். சர்க்கரை ஈரத்தை வாங்கிக் கட்டியாகும். தேன் தீர்ந்துபோனால் அதுவே சாப்பாடு. பெட்டியை முன்பக்கமாகச் சற்றுச் சாய்த்து வைப்பதும் பழைய தந்திரம். மூடியில் படிந்த நீர் திரளின் தலையில் விழாமல் முன்சுவருக்கு வழிந்து வாசல் வழியே போய்விடும். ஒரு மரத்துண்டு செலவு.

லாரியிலும் திருச்சியிலும்

மூடியின் வம்சத்தில் ஒரு கிளை கலிபோர்னியாவுக்குப் போயிற்று. பிப்ரவரியில் அங்கே பாதாம் தோட்டங்கள் பூக்கும்போது, நாட்டின் பல மூலைகளிலிருந்தும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் லாரிகளில் வந்து இறங்குகின்றன. சுற்றிலும் தொங்கும் சட்டம் இருந்தால் பெட்டிகளை ஒட்டி ஒட்டி அடுக்க முடியாது. ஆகவே ‘மைக்ரேட்டரி’ மூடியில் பக்கச் சட்டமே இல்லை. வெறும் தட்டைப் பலகை. முன்னும் பின்னும் ஒரு ரீப்பர். உள்மூடியும் கிடையாது. லாங்ஸ்ட்ராத் விரட்டிய பிசின் தொல்லை இங்கே ஓரளவு திரும்பிவிட்டது. இரும்பு நெம்பியை விட்டு எழுப்பினால்தான் பலகை வரும். வடக்கத்திப் பனிக்கு இது ஆகாது என்பதால், பெரிய வளர்ப்பாளர்கள் பலர் பூக்காலம் வரும்வரை பெட்டிகளை ஐடஹோ போன்ற இடங்களில் குளிரூட்டிய கிடங்குகளில் வைக்கிறார்கள். 4, 5 டிகிரி, இருட்டு, கரியமில வாயுவை வெளியேற்ற விசிறி. தாத்தா காலத்து நிலவறை மின்சாரத்தோடு வந்திருக்கிறது.

இன்னொரு கிளை தமிழ்நாட்டுக்கு வந்தது. 1910-களில் திருச்சியில் இருந்த இயேசு சபைப் பாதிரியார் நியூட்டன், நம் ஊர் அடுக்குத் தேனீயின் சிறிய கூட்டத்துக்கு ஏற்பச் சட்டத்தையும் பெட்டியையும் சுருக்கி வடிவமைத்தார். பலருக்குப் பயிற்சியும் கொடுத்தார். மார்த்தாண்டம் முதல் கொடைக்கானல் மலைவரை இன்றும் புழங்கும் நியூட்டன் பெட்டி அது. அதன் கூரை இருபுறமும் சரிந்த கூரை. முன்னும் பின்னும் கம்பி வலை போட்ட காற்றுத் துளைகள். இங்கே பயம் பனிக்கல்ல. உச்சிவெயிலில் அடை இளகக் கூடாது, ஐப்பசி மழை உள்ளே இறங்கக் கூடாது. வடக்கில் ஈரத்தை வெளியேற்றுகிற துளைக்கு இங்கே வெக்கையை வெளியேற்றும் வேலை.

இந்தியத் தேனீயிடம் ஒரு வேடிக்கை. அது பிசின் சேகரிப்பதில்லை. லாங்ஸ்ட்ராத்தின் தூக்கத்தைக் கெடுத்த ஒட்டுகிற மூடி நம் நாட்டுத் தேனீயிடம் பிரச்சினையே அல்ல. விசிறுகிற பழக்கமும் வேறு. ஐரோப்பியத் தேனீ வாசலில் தலையை உட்புறம் வைத்துச் சிறகடித்து உள்காற்றை வெளியே இழுக்கும். இந்தியத் தேனீ தலையை வெளிப்புறம் வைத்து வெளிக்காற்றை உள்ளே தள்ளும். ஒரே மூடியை இரண்டுக்கும் போட்டுவிட்டு ஒரே பலனை எதிர்பார்க்க முடியாது.

ஓட்டை வேண்டுமா?

மேலே ஓட்டை வேண்டும் என்ற வேதவாக்கை மறுபடி கிளறியவை மரப்பொந்துகள். 1976-இல் தாமஸ் சீலியும் ரோஜர் மோர்ஸும், நியூயார்க் மாநிலத்து இதாகாவைச் சுற்றிய காடுகளில் தேனீ குடியிருந்த மரங்களை வெட்டிப் பிளந்து அளந்தார்கள். பொந்தின் கொள்ளளவு பெரும்பாலும் 30 முதல் 60 லிட்டர். வாசல் சிறியது, பெரும்பாலும் பொந்தின் அடிப்பக்கம். உட்சுவர் பிசின் பூசி வழவழப்பானது. உச்சியில் காற்றுப்போக்கி கிடையாது. தலைக்கு மேலே கனத்த மரம். யாரும் பதர் திணிக்காத, யாரும் துளை போடாத அந்த வீடுகளில் தேனீக்கள் பனிக்காலங்களைத் தாண்டியிருந்தன.

இங்கிலாந்தின் டெரெக் மிட்செல் 2016-இல் இதைப் பொறியாளர் கணக்காக்கினார். மரப்பொந்தோடு ஒப்பிட்டால் வழக்கமான மெல்லிய பலகைப் பெட்டி நான்கு முதல் ஏழு மடங்கு வேகத்தில் சூட்டை இழக்கிறது என்று அவர் காட்டினார். அவர் வாதத்தின் சாரம் எளிது. மூடியின் அடிப்புறம் வெதுவெதுப்பாக இருந்தால் நீர் அங்கே படியாது. கீழே, திரளுக்கு அப்பால், குளிர்ந்த பக்கச் சுவரில் படியும். அங்கே அது தீங்கும் இல்லை. பிப்ரவரியில் புழு வளர்க்கத் தொடங்கும்போது கெட்டித் தேனைக் கரைத்துக்கொள்ளத் தேனீக்குத் தண்ணீர் வேண்டும். பனிக்கு நடுவே வெளியே போய்க் கொண்டுவர முடியாது. சுவரில் படிந்ததை நக்கிக்கொள்ளும். மேலே ஓட்டை வைத்தால் ஈரத்தோடு சூடும் போகும்; போன சூட்டுக்கு ஈடாக இன்னும் தேன் செலவாகும்; தேன் செலவானால் இன்னும் நீர்.

தேனீக்களின் கருத்தும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. இலையுதிர்காலத்தில் உள்மூடியின் வலையையும் மேல்துளையையும் பிசின் வைத்துப் படிப்படியாகச் சிறிதாக்கும் கூட்டங்களைப் பார்க்கலாம். வளர்ப்பவர் குச்சியால் குத்தித் திறப்பார். அவை மறுபடி பூசும்.

அதற்காகத் துளைக்காரர்கள் முட்டாள்கள் அல்ல. மூடி மெலிந்த பெட்டியில், அவர்கள் அனுபவத்தில், துளை உயிரைக் காத்தது உண்மை. நீர் படியத்தான் போகிறது என்றால், தலையில் விழுவதைவிட வெளியே போவது மேல். கீழ்வாசல் பனியில் மூழ்குகிற இடங்களில் மேல்துளை தேனீக்கள் வெளியே வந்து மலம் கழிக்க ஒரு வழி. நாள்முழுதும் தூறுகிற கடலோரக் குளிரும், காய்ந்து விறைத்த புல்வெளிக் குளிரும் ஒன்றல்ல. பக்கத்து மாநிலத்துக்காரர் மூடியைப் பார்த்து அப்படியே செய்கிறவர் பாடுபடுவார். இன்று பலர் நடுவழியைப் பிடித்திருக்கிறார்கள். வெளிமூடிக்கும் உள்மூடிக்கும் நடுவில் இரண்டு அங்குலக் கெட்டி ஃபோம் பலகை. உள்மூடியின் முன்விளிம்பில் விரல் நுனி அளவு வெட்டு. ஃபோம் சூட்டைக் காக்கும், வெட்டு அவசரத்துக்கு உதவும்.

மூடிமேல் வீண்பழி விழுவதும் உண்டு. வசந்தத்தில் திறந்தால் அடையெல்லாம் பூஞ்சணம், கீழே ஈரமான பிணக்குவியல். ‘காற்றோட்டம் போதவில்லை’ என்று உடனே தீர்ப்பு. கூட்டம் முதலில் செத்து, சூடு அடங்கிய பிறகு ஈரம் படிந்து பூஞ்சணம் பிடித்திருக்கவும் கூடும். 1987-இல் அமெரிக்காவில் காலூன்றிய வரோவா உண்ணி, குளிர்காலம் தாண்ட வேண்டிய தேனீக்களை இலையுதிர்காலத்திலேயே நலிவாக்கிவிடுகிறது. உண்ணிக்கு மருந்து போடாமல் மூடிக்கு மூன்று தளம் கட்டிப் பயனில்லை.

ஆகவே செய்ய வேண்டியதன் வரிசை இதுதான். கோடை முடிவில் உண்ணியை அடக்கு. தேன் போதுமா என்று பெட்டியைத் தூக்கிப் பார். எலி நுழையாமல் வாசலைக் குறுக்கு. தலைக்கு மேலே முதலில் கனம் சேர், பிறகு துளையைப் பற்றி யோசி. நவம்பரில் கல்லைத் தூக்கி வைக்குமுன் ஒரே கேள்வி: உள்ளே உண்டாகப்போகும் 20 லிட்டர் நீர் எங்கே போய்ச் சேரும்? அதற்கு விடை தெரிந்தவர் துளை வைத்தாலும் சரி, அடைத்தாலும் சரி, அவருடைய மூடி வேலை செய்யும்.